கொலனி எண்ணும் கருவி வாங்கினால் கணக்கு ஒத்துப்போகுமா?

ஹட்டனுக்கு அருகே ஒரு சிறிய மிருக வைத்திய ஆய்வுகூடத்தில் பணிபுரியும் ஒருவர் கேட்டிருப்பதன் சாரம் இது: பால் மாதிரிகளிலிருந்து வளர்த்தெடுத்த பற்றீரியாக் கொலனிகளை (கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளாகத் திரண்ட பற்றீரியாக் கூட்டங்களை) அவரும் சக ஊழியரும் எண்ணும்போது இருவருடைய எண்ணும் ஒத்துப்போவதில்லை, இதைத் தீர்ப்பதற்குக் கெமரா பொருத்திய தானியங்கி எண்ணி ஒன்றை வாங்கலாமா, அல்லது விளக்கும் உருப்பெருக்கியும் கொண்ட சாதாரணக் கருவி போதுமா, கைபேசிச் செயலியை நம்பலாமா என்பது கேள்வி. மேலோட்டமாகப் பார்த்தால் இது எந்தக் கருவியை வாங்குவது என்ற கேள்வி. உண்மையில் அவர் கேட்பது தம்முடைய எண்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதையே. இந்த இரண்டாவது கேள்விக்கு விடை காணாமல் முதலாவதற்கு விலைமனுக் கோருவது பணத்தை வீணாக்கும். நான் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மலையகத்து ஆய்வுகூடங்களில் இந்த வேலையையே செய்து வந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து பதில் சொல்கிறேன். தானியங்கிக் கருவிகளில் நான் கையாண்டவை இரண்டு மட்டுமே என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கேள்வியில் ஒரு விவரம் விடுபட்டிருக்கிறது. நீங்கள் இருவரும் ஒரே கிண்ணத்தை (வளர்ப்பு ஊடகம் ஊற்றிய பெட்ரிக் கிண்ணத்தை) எண்ணி வேறுபடுகிறீர்களா, அல்லது ஒரே மாதிரியிலிருந்து ஆளுக்கொரு கிண்ணம் ஊற்றி அவற்றை எண்ணி வேறுபடுகிறீர்களா? இவை இரண்டும் முற்றிலும் வேறான சிக்கல்கள். ஒரே கிண்ணத்தை ஒருவர் இரண்டு முறை எண்ணினால் வேறுபாடு 5 சதவீதத்துக்குள்ளும், இருவர் எண்ணினால் 10 சதவீதத்துக்குள்ளும் இருக்க வேண்டும் என்பது பாற்பொருட் பரிசோதனைக் கைந்நூல்களில் நெடுங்காலமாக உள்ள விதி. அதற்கு மேல் போனால் கண்ணிலோ, வெளிச்சத்திலோ, எதைக் கொலனி என்று கொள்வது என்ற இணக்கத்திலோ குறை இருக்கிறது. அங்கே கருவி உதவும். ஆனால் தனித்தனிக் கிண்ணங்கள் என்றால், எவ்வளவு திறமையாகச் செய்தாலும் எண்கள் ஒன்றாக வரமாட்டா. நன்றாகக் கலக்கிய பாலின் ஒரு துளியில் எத்தனை பற்றீரியா விழும் என்பது தற்செயலைப் பொறுத்தது. சராசரியாக 100 கொலனி வர வேண்டிய கிண்ணத்தில் இயல்பான ஏற்றத்தாழ்வு அதன் வர்க்கமூலமான 10 அளவில் இருக்கும். 25 வர வேண்டிய இடத்தில் அது 5, அதாவது ஐந்தில் ஒரு பங்கு. ஆகவே ஒருவருக்கு 92உம் மற்றவருக்கு 114உம் வந்தால் இருவரில் எவரும் பிழை செய்ததாகக் கொள்ள முடியாது. அந்த வேறுபாட்டை உலகின் மிக விலையுயர்ந்த கருவியாலும் அழிக்க முடியாது, ஏனெனில் அது எண்ணுவதில் பிறந்ததல்ல.

இன்னொன்றும் தெளிவாக இருக்க வேண்டும். கொலனி ஒவ்வொன்றும் ஒரே ஒரு பற்றீரியாவிலிருந்து வந்தது என்று பாடசாலையில் படிக்கிறோம். நடைமுறையில் அது எப்போதும் உண்மையல்ல. ஸ்டெபிலோகொக்கஸ் திராட்சைக்குலை போலவும் ஸ்ட்ரெப்டொகொக்கஸ் மாலை போலவும் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஒரு குலை முழுவதும் ஒரே இடத்தில் விழுந்தால் ஒரே கொலனிதான் தோன்றும். அதனால்தான் அறிக்கையில் ‘பற்றீரியா எண்ணிக்கை’ என்று எழுதாமல் ‘கொலனி உருவாக்கும் அலகு’ என்று எழுதுகிறோம். இதன் விளைவு என்னவென்றால், போத்தலை எவ்வளவு பலமாகக் குலுக்கினீர்கள் என்பதே விடையை மாற்றிவிடும். 30 சென்ரிமீற்றர் வீச்சில் 7 செக்கன்களுக்குள் 25 முறை குலுக்க வேண்டும் என்று பழைய கைந்நூல்கள் வேலையற்றுப்போய் எழுதி வைக்கவில்லை. நீங்கள் 25 முறையும் சக ஊழியர் பேச்சுவாக்கில் ஐந்தாறு முறையும் குலுக்குகிறீர்களா என்பதை ஒருநாள் எதிரே நின்று பாருங்கள்.

என்னுடைய சொந்தப் பிழையொன்றைச் சொல்வது பொருத்தமாக இருக்கும். வேலைக்குச் சேர்ந்த முதலாம் ஆண்டில், பெயர் சொல்லத் தேவையில்லாத ஓர் ஆய்வுகூடத்தில், ஒரு பால் சேகரிப்பு நிலையத்து மாதிரியில் ஆயிரத்தில் ஒன்று ஐதாக்கலில் (எண்ணத்தக்க அளவுக்கு மாதிரியைப் பத்துப் பத்து மடங்காக நீர்க்கச் செய்வதே ஐதாக்கல்) 180 கொலனி அளவிலும், அடுத்த பத்தாயிரத்தில் ஒன்று ஐதாக்கலில் 33உம் எனக்கு வந்தன. இரண்டு நாட்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரும்பத் திரும்ப எண்ணினேன். மூத்த தொழில்நுட்பவியலாளரான அக்கா ஒருவர் கிண்ணங்களைக் கையில் எடுக்காமலே, பதிவுப் புத்தகத்தை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “தம்பி, எண்ணுனதெல்லாம் சரியாத்தான் இருக்கு. முனைய மாத்தாம எடுத்திருக்கீங்க.” அவர் சொன்னது சரி. பிப்பெட்டின் (திரவத்தை அளந்து உறிஞ்சும் கருவியின்) முனையை மாற்றாமல் செறிந்த குழாயிலிருந்து ஐதான குழாய்க்குப் போயிருந்தேன். முனையின் உட்சுவரில் ஒட்டியிருந்த பால் அடுத்த குழாயில் சேர்ந்து, பத்தில் ஒன்றாகக் குறைய வேண்டியதை ஐந்தில் ஒன்றளவே குறைத்திருந்தது. அன்றிலிருந்து எந்தக் கணக்கையும் நான் முதலில் பார்ப்பது அடுத்தடுத்த ஐதாக்கல்களின் விகிதத்தைத்தான். சராசரியாக அது பத்துக்கு அருகில் இருக்க வேண்டும். தொடர்ந்து ஆறிலும் ஏழிலும் நின்றால் முனை, குலுக்கல் இவற்றில் ஒன்று சரியில்லை. கருவிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அதே போல் ஒருவரும் சந்தேகிக்காத இடம் ஐதாக்கும் திரவம் இருக்கும் குழாய். ஒரு மில்லிலீற்றர் மாதிரியைச் சேர்த்துப் பத்தாக்குவதற்கென 9 மில்லிலீற்றர் அளந்து ஊற்றி, மூடியைத் தளர்த்தி ஓட்டோகிளேவில் (அமுக்க நீராவியால் கிருமியழிக்கும் பாத்திரத்தில்) வைத்தால் வெளியே வரும்போது 9 இருக்காது. 8.5 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு படியில் ஏற்படும் பிழை 5 சதவீதம் அளவிலேயே இருக்கும், ஆனால் நான்கு படிகளில் அது பெருகி 23 சதவீதமாகிறது. ஒருவர் திங்கட்கிழமை தயாரித்த குழாய்களையும் மற்றவர் சென்ற மாதம் தயாரித்து அலமாரியில் காய்ந்த குழாய்களையும் பாவித்தால், இருவருடைய எண்களும் எப்போதும் ஒரே திசையில் வேறுபடும். இதைக் கண்டுபிடிக்கத் தேவையானது ஒரு நல்ல தராசு. குழாய்களில் பத்தை எடுத்து உள்ளிருக்கும் திரவத்தை நிறுத்துப் பாருங்கள். பிப்பெட்டையும் அவ்வாறே சோதியுங்கள்: 20 பாகையில் ஒரு மில்லிலீற்றர் தூய நீர் ஒரு கிராமுக்குச் சற்றுக் குறைவாக, 0.998 கிராம், நிறுக்கும். பத்து முறை எடுத்து நிறுத்தால் பிப்பெட்டின் குணமும் உங்கள் கட்டை விரலின் குணமும் சேர்ந்தே தெரிந்துவிடும்.

இனி, கொழும்பில் அச்சிட்ட கையேடுகளில் இடம்பெறாத, மலைநாட்டுக்கே உரிய ஒரு விடயம். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது; அங்கே தண்ணீர் 94 பாகை அளவிலேயே கொதித்துவிடும். ஓட்டோகிளேவின் அமுக்கமானி காட்டுவது சுற்றுப்புற வளிக்கு மேலதிகமாக உள்ள அமுக்கத்தை மட்டும். சுற்றுப்புற வளியே மெலிந்திருக்கும் இடத்தில், முள் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தலில் நின்றாலும் உள்ளே வெப்பநிலை 121 பாகையை எட்டாது. காற்று முழுவதும் வெளியேறியிருந்தாலும் நுவரெலியாவில் 118க்கு அருகிலும், 1,270 மீற்றர் உயரமுள்ள ஹட்டனில் 119க்குச் சற்றுக் குறைவாகவும்தான் நிற்கும். ஆயிரம் அடிக்கு அரை இறாத்தல் கூட்ட வேண்டும் என்பது பழைய கணக்கு. அதன்படி ஹட்டனில் 17, நுவரெலியாவில் 18. பிரஷர் குக்கர் போன்ற சிறிய அடுப்பு ஓட்டோகிளேவின் பாதுகாப்பு வால்வு இந்த மேலதிக அமுக்கத்துக்கு இடங்கொடாது. அப்போது நேரத்தைக் கூட்டி, வெப்பத்தைத் தாங்கும் வித்திகள் கொண்ட சோதனைப் பட்டியால் உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டும். வெப்பநிலை காட்டும் கருவியாக இருந்தால் முள்ளை மறந்து வெப்பநிலையைப் பாருங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம், அரைகுறையாகக் கிருமியழித்த ஊடகத்தில் எஞ்சும் பசிலஸ் வித்திகளும் கிண்ணத்தில் கொலனியாகத்தான் வளரும். எந்தக் கெமராவும் அவற்றைப் பாலிலிருந்து வந்தவை அல்ல என்று பிரித்துச் சொல்லாது. மாதிரி எதுவும் சேர்க்காத வெறுங்கிண்ணம் ஒன்று ஒவ்வொரு நாளும் அடைகாப்பானுக்குள் (கிண்ணங்களை வெதுவெதுப்பில் வைத்து வளர்க்கும் பெட்டிக்குள்) போக வேண்டியது இதற்காகவே.

குளிரும் தன் பங்குக்கு வேலை செய்யும். ஏகாரை, அதாவது ஆறினால் கூழாக உறையும் வளர்ப்பு ஊடகத்தை, 45 பாகை அளவில் ஊற்ற வேண்டும். கூடினால் பற்றீரியா சாகும், ஏறத்தாழ 38க்குக் கீழே அது உறையத் தொடங்கும். மார்கழி, தை மாதக் காலையில் மேசையும் கிண்ணமும் 14, 15 பாகையில் கிடக்கும்போது, ஊற்றிய ஏகார் மாதிரியோடு கலக்கும் முன்பே ஓரங்களில் திரண்டுவிடும். பிறகு கிண்ணத்தின் ஒரு பக்கம் கொலனி நெருக்கமாகவும் மறுபக்கம் வெறுமையாகவும் இருக்கும். இருவர் எண்ணி வேறுபடுவதற்கு இதைவிட வசதியான கிண்ணம் கிடையாது. கிண்ணங்களை அரை மணித்தியாலம் முன்பே அடைகாப்பானில் வைத்து வெதுவெதுப்பாக்கிக்கொண்டால் இது தீரும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த கிண்ணத்தை நேரே அடைகாப்பானில் வைத்தால் மூடியில் நீர் கோத்து, மேற்பரப்பில் வழிந்து, ஒரு கொலனியைப் பத்தாகப் பரப்பிவிடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிண்ணங்களைக் கவிழ்த்து, ஆறுக்கு மேல் அடுக்காமல் வைக்க வேண்டும். இரவில் மின்சாரம் நின்று விடியற்காலையில் வந்ததா என்பதை அறிய உயர்வு, தாழ்வு காட்டும் வெப்பமானி ஒன்று உள்ளே இருக்கட்டும். அதன் விலை நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கருவியின் விலைக்கு அருகில்கூட வராது.

இப்போது கருவிகளுக்கு வருகிறேன். மிக எளியது கிண்ணத்தின் அடிப்பக்கத்தில் ஒவ்வொரு கொலனிக்கும் புள்ளி வைக்கும் மார்க்கர் பேனாவும், கட்டை விரலால் அழுத்தும் கை எண்ணியும். பேருந்து நடத்துனர் பயணிகளை எண்ணுவது போலத்தான். அடுத்தது, அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகமெங்கும் பாவிக்கப்படும் கியூபெக் வகைக் கருவி: சாய்ந்த பெட்டி, பக்கவாட்டிலிருந்து வரும் ஒளி, கறுப்புப் பின்னணி, ஒன்றரை மடங்கு பெரிதாக்கும் வில்லை, ஒரு சென்ரிமீற்றர்ச் சதுரங்களாகக் கோடிட்ட கண்ணாடி. இதன் மதிப்பு வில்லையில் இல்லை, ஒளியில்தான் இருக்கிறது. பக்கத்திலிருந்து வரும் ஒளி வெறும் ஏகாரின் ஊடே நேராகக் கடந்து போய்விடும். கொலனியில் பட்ட ஒளி மட்டும் சிதறி மேலே வரும். அதனால் ஊசிமுனையளவான ஸ்ட்ரெப்டொகொக்கஸ் கொலனிகூடக் கறுப்பு வானத்தில் நட்சத்திரம் போலத் தெரியும். சாளரத்தருகே கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து எண்ணும் பழக்கம் உங்கள் கூடத்தில் இருந்தால், பனிமூட்டமான நாளின் எண்ணும் வெயில் நாளின் எண்ணும் வேறுபடுவதற்கு அதுவே போதுமான காரணம். மூன்றாவது, பேனாவால் அழுத்தும்போதே ‘பீப்’ என்ற ஒலியுடன் எண்ணிக்கொள்ளும் மின்னணுக் கருவி. புள்ளியும் விழும், எண்ணும் ஏறும், நடுவில் யாராவது கூப்பிட்டால் கணக்குத் தவறாது. ஒரு நாளுக்கு நாற்பது ஐம்பது கிண்ணம் பார்க்கும் கூடத்துக்கு என் தெரிவு இதுதான்.

கோடிட்ட கண்ணாடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மிகவும் நெருக்கமாக வளர்ந்த கிண்ணத்தில் சில சதுரங்களை எண்ணி, சராசரியைக் கிண்ணத்தின் பரப்பால் பெருக்கி மதிப்பிடுவது வழக்கம். பழைய கைந்நூல்களில் வரும் 65 என்ற பெருக்கெண் அக்காலத்துப் பெரிய கண்ணாடிக் கிண்ணங்களுக்கு உரியது. இன்று நாம் பாவிக்கும் பிளாஸ்டிக் கிண்ணத்தின் உள்விட்டம் 8.5 சென்ரிமீற்றர் என்றால் பரப்பு 57 சதுர சென்ரிமீற்றர்தான். அடிக்கோல் வைத்து உங்கள் கிண்ணத்தை அளந்துகொள்ளுங்கள். அப்படிப் பெறும் எண்ணை அறிக்கையில் ‘மதிப்பீடு’ என்று குறிப்பிடுவதும் கட்டாயம்.

கெமரா பொருத்திய தானியங்கி எண்ணியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. தெளிந்த ஏகாரின் மேற்பரப்பில், ஒரே அளவான, தனித்தனியாக நிற்கும் கொலனிகளை அது சில செக்கன்களில் எண்ணும், களைப்பதில்லை, படத்தையும் சேமித்து வைக்கும். அந்தப் படம், ஆறு மாதம் கழித்துப் பண்ணைக்காரர் ஒருவர் அறிக்கையை மறுத்து வரும்போது பெருந்துணை. ஆனால் அது செய்வது ஒளிச்செறிவின் ஓர் எல்லைக்கு அப்பாலுள்ள புள்ளிகளை வட்டங்களாகப் பிரிப்பது மட்டுமே. மிருக வைத்தியக் கூடத்தில் வரும் கிண்ணங்கள் அந்தக் கருவிக்குத் துன்பம் கொடுப்பதற்கென்றே படைக்கப்பட்டவை போலிருக்கும். குருதி ஏகாரில் கொலனியைச் சுற்றிக் குருதி சிதைந்து தெளியும் வளையத்தைச் சில கருவிகள் பெரிய கொலனியாகக் கொள்ளும். இரு வளையங்கள் தொட்டுக்கொண்டால் ஒன்றாக்கிவிடும். புரோட்டியஸ் என்ற பற்றீரியா அலையலையாகக் கிண்ணம் முழுதும் பரவியிருந்தால் ஒன்று என்றோ ஆயிரம் என்றோ சொல்லும். ஊற்றி வளர்த்த கிண்ணத்தின் காற்றுக் குமிழி, கிண்ண ஓரத்தில் ஏகார் மேலேறும் விளிம்பு, பிளாஸ்டிக்கில் உள்ள கீறல், எல்லாம் அதற்குக் கொலனியே. பாலில் இன்னொரு சங்கடம் உண்டு: பத்தில் ஒன்று ஐதாக்கலில் பாற்புரதத் துணுக்குகள் வெண்புள்ளிகளாக நிற்கும். இதற்குப் பழைய வழி ஒன்று இருக்கிறது. அதே ஐதாக்கலில் ஊற்றிய இன்னொரு கிண்ணத்தை அடைகாக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, எண்ணும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எது துணுக்கு எது கொலனி என்று கண் சொல்லிவிடும். கொலனிகளைச் சிவப்பாக்கும் டெட்ரசோலியம் சாயத்தை ஊடகத்தில் சேர்த்தால் கருவிக்கும் கண்ணுக்கும் வேலை எளிதாகும். ஆனால் சில கிராம்-நேர் (கிராம் சாயமிடலில் ஊதாவாகத் தோன்றும்) பற்றீரியாக்களின் வளர்ச்சியை அது தடுக்கக்கூடும் என்பதால் எல்லாவற்றுக்கும் சேர்க்க நான் துணியமாட்டேன்.

கைபேசிச் செயலி இதே தொழில்நுட்பத்தின் ஏழைத் தம்பி. நிறுத்தியில் அசையாமல் பொருத்தி, கிண்ணத்தின் அடியில் கறுப்புத் துணி விரித்து, மேல் விளக்கின் பிரதிபலிப்பு விழாமல் பார்த்துக்கொண்டால் சில வேளைகளில் வியக்கத்தக்க அளவு நன்றாக எண்ணுகிறது. வேறு சில வேளைகளில் கூரை விளக்கையும் எண்ணுகிறது. கருவியானாலும் செயலியானாலும், உங்கள் கூடத்தில், உங்கள் ஊடகத்தில், கொலனி குறைந்தவை, கூடியவை, அழுக்கானவை எல்லாம் கலந்த முப்பது கிண்ணங்களையாவது கையாலும் எண்ணி ஒப்பிட்ட பின்னரே அதன் எண்ணை அறிக்கையில் இடுங்கள். விற்பனையாளர் தம்முடைய மாதிரிக் கிண்ணத்தில் காட்டும் வித்தையை ஏற்க வேண்டாம். உங்கள் குருதி ஏகார்க் கிண்ணத்தைக் கொடுத்து எண்ணச் சொல்லுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, எண்ணிக்கை உங்களுக்கு எந்த அளவு தேவை என்பதையும் கேட்க வேண்டியிருக்கிறது. லயத்துக்குப் பக்கத்திலுள்ள கொட்டிலில் ஒன்றிரண்டு கலப்பின மாடுகளை வைத்திருக்கும் ஒருவர் மடி அழற்சி என்று கொண்டுவரும் பாலில், 10 மைக்ரோலீற்றர் பிடிக்கும் வளைய முனைக் குச்சியால் குருதி ஏகாரில் தீற்றுகிறோம். அங்கே ஒரு கொலனி என்றால் மில்லிலீற்றருக்கு 100. ஸ்ட்ரெப்டொகொக்கஸ் அகலக்டியே ஒரே ஒரு கொலனி வந்தாலும் அது மடியிலிருந்து வந்ததாகவே கொள்ளப்படும். ஸ்டெபிலோகொக்கஸ் ஓரியஸையும் பலர் அவ்வாறே கருதுகிறார்கள். மாறாக மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட இனங்கள் கலந்து வளர்ந்தால், எண் எவ்வளவாயினும் மாதிரி எடுத்த கை சுத்தமாக இருக்கவில்லை என்று பொருள். மறுபடி எடுக்கச் சொல்ல வேண்டும். ஆக, அங்கே எண்ணைவிட இனமே தீர்ப்பு. மாதிரியை உறையவைத்துக் கொண்டுவந்திருந்தால் ஈ. கோலை குறைந்து தெரியும் என்பதையும் நினைவில் வையுங்கள். நாயின் சிறுநீரில் நிலைமை வேறு: ஊசியால் சிறுநீர்ப்பையிலிருந்து நேரே எடுத்ததில் மில்லிலீற்றருக்கு 1,000 வந்தாலே கவனிக்கத்தக்கது, தானாகக் கழித்ததைப் பிடித்ததில் ஓர் இலட்சம் வந்தால்தான் பொருட்படுத்துவது என்பது வழக்கமான எல்லை. இவை நோய்க்குறிகளோடு சேர்த்துப் படிக்க வேண்டிய எண்கள்; அதோடு 150க்கும் 170க்கும் உள்ள வேறுபாடு இங்கே எதையும் மாற்றப்போவதில்லை. துல்லியமான எண் உண்மையில் தேவைப்படுவது சேகரிப்பு நிலையத்துத் தாங்கிப் பாலின் மொத்த எண்ணிக்கை, கோழிப் பண்ணைத் தண்ணீர், உயிர்த் தடுப்பூசியின் வீரியம் போன்றவற்றில்தான். உங்கள் வேலையில் இவற்றின் பங்கு எவ்வளவு என்று பதிவுப் புத்தகத்தைப் புரட்டிப் பாருங்கள்.

எண்ணத்தக்க எல்லை குறித்துக் கைந்நூல்கள் ஒரே குரலில் பேசுவதில்லை. இதை ஒரு மதச்சண்டையாக்க வேண்டியதில்லை. அமெரிக்க முறைகள் கிண்ணத்துக்கு 25 முதல் 250 என்கின்றன, பல பாடநூல்கள் 30 முதல் 300 என்கின்றன, ஐ.எஸ்.ஓ. (சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு) முறையில் மேல் எல்லை 300, கீழே 10 வரை போகலாம். கீழ் எல்லைக்குக் காரணம் மேலே சொன்ன தற்செயல். மேல் எல்லைக்குக் காரணம் நெருக்கத்தில் கொலனிகள் ஒன்றையொன்று விழுங்குவதும் பட்டினி போடுவதும். ஒன்றைத் தேர்ந்து சுவரில் ஒட்டி, இருவரும் அதையே பின்பற்றுங்கள். ஐ.எஸ்.ஓ. முறைக் கணக்கும் எளிது: ஆயிரத்தில் ஒன்று ஐதாக்கலில் இரு கிண்ணங்களில் 212, 188, பத்தாயிரத்தில் ஒன்றில் 29, 25 என்றால் கூட்டுத்தொகை 454. ஒவ்வொரு கிண்ணத்திலும் ஒரு மில்லிலீற்றர் ஊற்றியிருந்தால், அதை 2.2ஆல் (முதல் இரு கிண்ணங்களுக்கு 2, பத்தில் ஒரு பங்கு செறிவுள்ள அடுத்த இரண்டுக்கும் 0.2) வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் 206,364 வரும். இரண்டு இலக்கத்துக்கு முழுமையாக்கி மில்லிலீற்றருக்கு 2 இலட்சத்து 10 ஆயிரம் என்று எழுதுகிறோம். 206,364 என்று முழுவதையும் எழுதுபவர் தம்மிடம் இல்லாத துல்லியத்தை விற்கிறார். உங்கள் இருவருடைய எண்களையும் இவ்வாறு முழுமையாக்கிப் பார்த்தால் கருத்து வேறுபாட்டில் பாதி மறைந்துவிடக்கூடும்.

ஊடகச் செலவைக் குறைக்க விரும்பினால், கருவி எதுவும் வாங்காமலே மைல்ஸ், மிஸ்ரா ஆகியோரின் பெயரால் அழைக்கப்படும், 1938இல் வெளியான துளி முறையை முயன்று பாருங்கள். கிண்ணத்தைப் பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வோர் ஐதாக்கலிலிருந்தும் 20 மைக்ரோலீற்றர்த் துளிகளை மேற்பரப்பில் விட்டு, துளிக்கு இருபதளவுக்கு மேற்படாத கொலனி உள்ள பகுதியை எண்ணுவது அது. ஒரே கிண்ணத்தில் ஐந்தாறு ஐதாக்கல்கள் அடங்கும். கிண்ணத்தை முன்கூட்டி நன்றாக உலர்த்த வேண்டும், நம் ஈரக் காலநிலையில் அதற்குப் பொறுமை வேண்டும். ஊடகம் முன்கூட்டியே பூசி விற்கப்படும் உலர் படலத் தட்டுகளும் உண்டு; ஓட்டோகிளேவ் சரியில்லாத இடத்தில் அவை பெரும் நிம்மதி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் பணம். சுருள் வடிவில் மாதிரியைப் பரப்பும் இயந்திரம் பெரிய கூடங்களுக்கு உரியது, உங்களுக்கு வேண்டாம்.

எனவே உங்கள் கேள்விக்கு நேரடியான விடை: இந்த ஆண்டுப் பணத்தில் தராசு, அளவு சரிபார்த்த இரண்டு பிப்பெட்கள், அடைகாப்பானுக்கு வெப்பமானி, ஓட்டோகிளேவுக்குச் சோதனைப் பட்டி, பக்கவாட்டு ஒளியுள்ள கியூபெக் வகைப் பெட்டி அல்லது அழுத்தப் பேனாக் கருவி ஆகியவற்றை இந்த ஒழுங்கிலேயே வாங்குங்கள். நாளொன்றுக்கு நூறு கிண்ணத்துக்கு மேல் வந்து, அவற்றில் பெரும்பகுதி தெளிந்த ஏகாரில் வளர்த்த மொத்த எண்ணிக்கையாக இருந்தால் மட்டும் கெமரா பற்றிப் பேசலாம். எந்தக் கருவியாயினும் மூடியைத் திறக்காமல், அடிப்பக்கத்திலிருந்து எண்ணுங்கள். கருச்சிதைந்த மாட்டின் பாலில் புருசெல்லா இருக்கக்கூடும், அது திறந்த மேசையில் மூச்சோடு உள்ளே போகிற கிருமி. விலைமனுக் கோரும் முன்பு ஒரு சிறு வேலை செய்து முடிவை எழுதுங்கள்: நாளை அடைகாப்பானிலிருந்து வரும் கிண்ணங்களில் பத்தை எடுத்து, இலக்கத்தைத் தாளால் மறைத்து, நீங்கள் ஒருமுறையும் சக ஊழியர் ஒருமுறையும் ஒருவர் எண்ணை மற்றவர் பாராமல் எண்ணுங்கள். புள்ளிகளை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு மற்றவரிடம் கொடுக்க மறக்க வேண்டாம். அந்த இருபது எண்களையும் அனுப்பினால், சிக்கல் கண்ணிலா கையிலா என்பதை இங்கிருந்தே சொல்லிவிட முடியும்.